'மக்கள் பகைவன்': ஆய்வறிவும் வாணிப நலனும் பற்றிய ஒரு நோக்கு

நோர்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்றிக் இப்சன் (1828–1906) எழுதிய 'மக்கள் பகைவன்' என்னும் ஐந்தங்க நாடகம் 1882ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான 'ஆவிகள்' நாடகம் பெற்ற கடுங்கண்டனமே இதனை எழுதத் தூண்டியது என்பது இலக்கிய வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. இதனாற்போலும், தனிமனித மனச்சாட்சிக்கும் பெரும்பான்மையோர் கருத்துக்குமிடையிலான முரண்பாட்டின் சித்திரிப்பாகவே இந்நாடகம் பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்புத் தவறானதன்று, ஆயின் அது முழுமையானதெனக் கொள்ளவும் இயலாது. நாடகத்தின் முரண்பாடு முழுவதும் ஓர் ஆய்வுமுடிவைச் சுற்றியே சுழல்கின்றது. அம்முடிவு எவருடைய வருவாயைப் பாதிக்கின்றது, அதனால் அது வெளிவரலாமா என்னும் வினாவே பாத்திரங்களை இயக்குகின்றது. விஞ்ஞான ஆய்வுக்கும் வாணிப நலனுக்குமுள்ள உறவை இப்சன் எவ்வளவு தூரம் கண்டார், எதனைக் காணத் தவறினார் என்பதை, நூறாண்டுகளின் பின்னர் நிகழ்ந்த உண்மைச் சம்பவமொன்றன் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடகக் கதை எளிமையானது. கடற்கரைச் சிறுநகரொன்றின் செழிப்புக்கு அங்கு அமைந்துள்ள மருத்துவ நீராட்டு நிலையமே ஆதாரம். நோயாளர் பலர் உடல்நலம் தேடி அங்கு வருகின்றனர். நிலையத்தின் மருத்துவ அதிகாரி டாக்டர் தோமஸ் ஸ்ரொக்மன். அவருடைய தமையன் பீற்றர் ஸ்ரொக்மன் நகரின் மேயராகவும் நீராட்டு நிலையக் குழுவின் தலைவராகவும் விளங்குகின்றார். வந்த நோயாளர் சிலர் புதிய நோய்களுக்கு ஆளாகியமை மருத்துவருக்கு ஐயத்தைத் தருகின்றது. அவர் நீரின் மாதிரிகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகின்றார். அழுகிய சேதனப் பொருள்களும் நுண்ணுயிர்களும் நீரில் நிறைந்துள்ளன என்ற பகுப்பாய்வு முடிவு கிடைக்கின்றது. மேற்புறத்திலுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவே காரணம். நீர்க்குழாய்கள் அனைத்தையும் மாற்றியமைத்தல் வேண்டும். அதற்குப் பெருந்தொகைப் பணமும் இரண்டு ஆண்டுக் காலமும் தேவை. அதுவரை நிலையத்தை மூடவேண்டும்.

தம்முடைய கண்டுபிடிப்புக்காக நகரம் தம்மைப் பாராட்டும் என்றே மருத்துவர் நம்புகின்றார். நடப்பது வேறு. மேயர் அறிக்கையை மறைக்குமாறு கட்டளையிடுகின்றார். அதுவரை மருத்துவரை ஆதரித்த பத்திரிகாசிரியர் ஹொவ்ஸ்ராட்டும், சிறு வீட்டுடைமையாளர் சங்கத் தலைவரான அச்சக உரிமையாளர் அஸ்லக்சனும், செலவு முழுவதும் நகரத்தார் தலையிலேயே விழும் என்று அறிந்ததும் பின்வாங்குகின்றனர். அச்சேறவிருந்த கட்டுரை திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. பொதுக்கூட்டத்தில் அவர் 'மக்கள் பகைவன்' எனப் பிரகடனப்படுத்தப்படுகின்றார். வேலை பறிபோகின்றது; வீட்டின் யன்னல்கள் கல்லெறிந்து உடைக்கப்படுகின்றன; ஆசிரியையான மகள் பெற்றாவும் பணிநீக்கம் செய்யப்படுகின்றாள்.

இங்கு கவனிக்கத்தக்க உண்மையொன்று உண்டு. நீர் மாசடையவில்லை என்று எவரும் மாற்று ஆய்வு நடத்தி நிறுவ முயல்வதில்லை. உண்மை எவ்வளவு செலவுடையது என்பதே அனைவரினதும் கணக்கு. மேயரைத் தீயவராகவும் ஹொவ்ஸ்ராட்டைக் கோழையாகவும் மட்டும் காண்பது நாடகத்தின் சமூகப் பொருளைக் குறுக்குவதாகும். சிறு கடைக்காரர், வீட்டுக்காரர், வரியிறுப்போர் ஆகிய அனைவரினதும் வாழ்வு அந்நீரோடு பிணைந்துள்ளது. வாணிப நலன் என்பது ஒரு சில முதலாளிமாரின் பேராசை மாத்திரமன்று. அது ஒரு நகரத்தின் அன்றாடச் சோறாகவும் அமைந்துவிடும்போதுதான் உண்மைக்கு மிகப் பெரும் தடையாகின்றது என்பதை இப்சன் துல்லியமாக உணர்ந்திருந்தார்.

எனினும், நம் பொருளைப் பொறுத்தவரை நாடகத்தின் மிக முக்கியமான பாத்திரம் மேயர் அல்லர்; மருத்துவரின் மாமனார் மோட்டன் கீல் ஆவார். நீரை மிகுதியாக மாசுபடுத்தும் ஆலையின் உரிமையாளர் அவரே. ஐந்தாம் அங்கத்தில் அவர் விலை வீழ்ந்துகிடக்கும் நீராட்டு நிலையப் பங்குகளை வாங்கிக் கொண்டு மருத்துவரிடம் வருகின்றார். மருத்துவரின் மனைவிக்கும் மக்களுக்கும் அவர் சேமித்து வைத்த பணத்தினாலேயே அப்பங்குகள் வாங்கப்பட்டுள்ளன. நீர் நஞ்சென்று மருத்துவர் தொடர்ந்து கூறுவாராயின் அவருடைய குடும்பத்தின் எதிர்காலம் அழியும். தாம் தவறிவிட்டதாகக் கூறுவாராயின் பங்குகள் பெருமதிப்புப் பெறும். கீல் அச்சுறுத்தவுமில்லை, பொய் கூறுமாறு வெளிப்படையாகக் கேட்கவுமில்லை. ஆய்வாளரின் சொந்த நலனை ஆய்வின் முடிவோடு முடிச்சிட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கின்றார்.

அந்தக் கணத்தில் மருத்துவர் தடுமாறுகின்றார் என்பதே இக்காட்சியின் சிறப்பு. அந்நுண்ணுயிர்களுக்கு ஏதேனும் தடுப்புமுறையை விஞ்ஞானம் கண்டுபிடிக்கக்கூடாதா என்று அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்கின்றார். மேயரின் மிரட்டலுக்கு அசையாத மனம் மாமனாரின் பங்குகளுக்கு ஒரு நொடி அசைகின்றது. அவ்வசைவு பொய்யின் வடிவில் வராமல், நியாயமான விஞ்ஞான ஐயத்தின் வடிவிலேயே வருகின்றது. இறுதியில் அவர் மறுப்பை ஒரு சீட்டில் மும்முறை எழுதி அனுப்பிவிடுகின்றார். ஆனால் எல்லா ஆய்வாளரும் ஸ்ரொக்மன் ஆகமாட்டார்.

மோட்டன் கீலின் முறை இருபதாம் நூற்றாண்டில் பெருவழக்காயிற்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்கச் சீனி உற்பத்தியாளரின் ஆய்வு மன்றம், ஹாவார்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலருக்கு ஏறத்தாழ 6,500 டொலர் கொடுத்து, இதயநோய்க்கும் உணவுக்குமுள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளை மதிப்பிட்டுக் கட்டுரையொன்று எழுதச் செய்தது. 1967இல் மதிப்புமிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான அக்கட்டுரை, சீனி மீதிருந்த ஐயத்தைச் சிறிதாக்கிக் கொழுப்பையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. பணம் எங்கிருந்து வந்தது என்பது கட்டுரையில் குறிப்பிடப்படவில்லை. அவ்வாறு குறிப்பிடுவது அக்காலத்தில் கட்டாயமாக இருக்கவுமில்லை. 2016ஆம் ஆண்டில் பழைய கடிதங்களை ஆராய்ந்தோர் இவ்வுண்மையை வெளிப்படுத்தும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. கொழுப்புக்கும் இதயநோய்க்கும் தொடர்பே இல்லையென்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. எந்த வினாவை உரத்துக் கேட்பது, எதனை மெல்லக் கேட்பது என்பதை அப்பணம் தீர்மானிக்க முயன்றது என்பதே இதிற் பெறப்படும் பாடம்.

இவ்விடத்திலேயே இப்சனின் பார்வையின் எல்லை புலனாகின்றது. நாடகத்தில் பல்கலைக்கழகம் ஒருபோதும் மேடைக்கு வருவதில்லை. மருத்துவர் நீரை அங்கு அனுப்புகின்றார், அங்கிருந்து ஒரு கடிதம் வருகின்றது, அவ்வளவே. அக்கடிதத்தை எழுதியவருக்கு ஊதியம் கொடுப்பவர் யார், அவருடைய ஆய்வுகூடத்தைக் கட்டியவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. நகரம், பத்திரிகை, நகராட்சி ஆகிய அனைத்தும் வாணிபத்தின் பிடியில் இருக்கப் பல்கலைக்கழகம் மட்டும் அதற்கு அப்பாற்பட்ட தூய இடமாக, மேடைக்குப் புறத்தே நிற்கின்றது. 1882ஆம் ஆண்டின் ஆசிரியர் ஒருவருக்கு இந்நம்பிக்கை இயல்பானதே. நமக்கு அது இயலாது. ஸ்ரொக்மனின் கதை பல்கலைக்கழகத்தின் உள்ளேயே நிகழுமாயின் எவ்வாறிருக்கும் என்பதற்குக் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்த சம்பவம் சான்றாகும்.

தலசீமியா என்பது பரம்பரையாக வரும் குருதி நோய். அதன் கடுமையான வகைக்கு உள்ளான பிள்ளைகள் உயிர்வாழ்வதற்குத் தொடர்ந்து குருதி ஏற்றவேண்டும். ஏற்றப்படும் குருதியிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்து காலப்போக்கில் உயிரைப் பறிக்கும். அவ்விரும்பை அகற்றுவதற்கு நெடுங்காலமாக இருந்த மருந்தைத் தோலின் கீழ் ஊசி செருகி, சிறு பம்பியின் துணையுடன், வாரத்திற் பல இரவுகள் மணிக்கணக்காகச் செலுத்தவேண்டியிருந்தது. வாயால் உட்கொள்ளத்தக்க மாத்திரையொன்று கிடைக்குமாயின் அது பெரும் விடுதலையாகும். டிபெரிப்ரோன் என்னும் மருந்து அத்தகைய நம்பிக்கையைத் தந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் அங்குள்ள சிறுவர் மருத்துவமனையில் பணியாற்றியவருமான குருதியியல் நிபுணர் நான்சி ஒலிவியேரி, 1980களின் இறுதியிலிருந்து அதனை ஆராய்ந்து வந்தார். 1993ஆம் ஆண்டில் அப்போரெக்ஸ் என்னும் கனடிய மருந்துக் கம்பனியின் நிதியும் ஆய்வுக்குச் சேர்ந்தது. அவ்வாண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தில், ஆய்வு முடிந்து ஓராண்டு செல்லும்வரை கம்பனியின் இசைவின்றித் தரவுகளை வெளியிடலாகாது என்னும் வாசகம் இருந்தது.

1995இல் மருந்தின் பயனைப் பாராட்டும் கட்டுரையை வெளியிட்டவரும் ஒலிவியேரியே. அடுத்த ஆண்டில், நோயாளர் சிலரிடம் மருந்தின் பயன் காலப்போக்கிற் குன்றுவதாக அவர் கண்டார். கம்பனி அவரது விளக்கத்தை ஏற்கவில்லை. நோயாளருக்கு இதனை அறிவிக்கவேண்டுமென்று மருத்துவமனையின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழு பணித்தது. 1996 மே மாதத்தில் கம்பனி ஆய்வுகளை நிறுத்தியதுடன், தகவலை வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படுமென்றும் எச்சரித்தது. அவர் நோயாளருக்கு அறிவித்தார். 1997இல் ஈரற் பாதிப்புப் பற்றிய மற்றோர் ஐயமும் எழ, 1998இல் தம் முடிவுகளைச் சஞ்சிகையில் வெளியிட்டார்.

அக்காலத்திலேயே பல்கலைக்கழகம் அதே கம்பனியிடமிருந்து பல மில்லியன் டொலர் நன்கொடை பெறுவது குறித்துப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. 1999இல், கம்பனியின் வருவாயைப் பாதிக்கக்கூடிய மருந்து உரிமச் சட்ட மாற்றத்துக்கு எதிராகப் பல்கலைக்கழகத் தலைவர் கனடிய அரசுக்குக் கடிதம் எழுதினார். அது வெளியானதும் மன்னிப்புக் கோரினார். 1999 தொடக்கத்தில் ஒலிவியேரி தாம் நடத்திவந்த மருத்துவப் பிரிவின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவரையும் அவரை ஆதரித்தோரையும் இழித்துரைக்கும் பெயரற்ற கடிதங்கள் பரவின. அவற்றை எழுதியவர் சக ஆய்வாளர் ஒருவரே என்பது பின்னர் மரபணுச் சோதனையால் நிறுவப்பட்டது. நீராட்டு நிலையத்தின் இடத்திற் பல்கலைக்கழகமே வந்து நின்ற காட்சி இது. இப்சன் மேடைக்குப் புறத்தே விட்ட தூய இடம், மேயரின் அலுவலகமாகவே மாறிவிட்டது.

இங்கு மறுதரப்பு நியாயத்தையும் நோக்குதல் திறனாய்வு நேர்மையாகும். பல்கலைக்கழகம் மருந்தைப் பெருமளவில் உற்பத்தி செய்வதில்லை. கம்பனிகளின் முதலீடின்றி எந்த மருந்தும் நோயாளரைச் சென்றடைவது அரிது. டிபெரிப்ரோன் பிற்காலத்தில் 1999இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதன் தரம் பற்றிய விவாதம் முடிந்துவிடவுமில்லை. ஒலிவியேரியின் முடிவே முற்றும் சரியென்று நிறுவுவது என் போன்ற கலைப்பீட மாணவன் ஒருவனின் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஆனால் அவரது விளக்கம் சரியா பிழையா என்பது வேறு. மருந்தை உட்கொள்ளும் நோயாளர் அந்த ஐயத்தை அறிய உரித்துடையவரா என்பது வேறு. முதல் வினாவை மேலும் ஆய்வு செய்தே தீர்க்கவேண்டும். இரண்டாவது வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு. ரொறன்ரோவில் கம்பனி முதல் வினாவைக் காட்டி இரண்டாவது வினாவை அடைத்துவிட முனைந்தது. நீதியின் இடத்தில் ஒப்பந்தம் அமர்ந்தது.

இவ்விடயம் நமக்குத் தொலைவானதுமன்று. தலசீமியா நம் நாட்டிலும் குறிப்பிடத்தக்க நோய். இலங்கை மருத்துவர்களும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வெதரோலும் இதே ஒலிவியேரியும் இணைந்து இலங்கையில் இந்நோயின் பரம்பலை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ரொறன்ரோவின் ஒப்பந்தத்தால் மறைக்கப்படவிருந்த செய்தி, குருநாகலிற் குருதி ஏற்றக் காத்திருக்கும் ஒரு பிள்ளையின் தாய்க்கும் உரிய செய்தியே. ஊசியும் பம்பியும் எளிதிற் கிடைக்காத நாட்டிலேதான் மாத்திரைக்கான ஆவல் மிகுதி. ஆதலால் அதுபற்றிய முழு உண்மைக்கான தேவையும் மிகுதி.

இனி நாடகத்தின் முடிவுக்கு வருவோம். அனைத்தையும் இழந்த ஸ்ரொக்மன், தனித்து நிற்பவனே உலகில் மிக வலியவன் என்ற முடிவுக்கு வருகின்றார். நான்காம் அங்கப் பேச்சிலே பெரும்பான்மையோரை இகழ்ந்து, மனிதரை உயர்சாதி நாயாகவும் தெருநாயாகவும் பிரித்துப் பேசவும் செய்கின்றார். 1950இல் இந்நாடகத்தைத் தழுவி ஆங்கிலத்தில் எழுதிய ஆதர் மில்லர், இனவாதச் சாயல் கொண்ட அப்பகுதிகளை விலக்கியமை குறிப்பிடத்தக்கது. சில வரிகளை நீக்குவதால் மட்டும் இக்குறை தீர்வதில்லை. உண்மை என்பது உயர்ந்த தனிமனிதனின் உடைமை என்னும் கருத்தே நாடக முடிவின் அடித்தளம். அவ்வாறாயின் மேயர் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. தனிமனிதனை விலக்குவது எளிது. அவனுக்குப் பதிலாக வேறொருவரை நியமிப்பது அதனினும் எளிது.

ரொறன்ரோச் சம்பவம் இம்முடிவை மறுக்கின்றது. ஒலிவியேரி தனித்து நின்றமையால் வெல்லவில்லை. தம் பதவியைப் பொருட்படுத்தாது சக ஆய்வாளர் நால்வர் அவருடன் நின்றனர். வெதரோல் போன்ற வெளிநாட்டு அறிஞர் நேரிற் சென்று தலையிட்டனர். கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அவருக்குத் துணைநின்று, சுதந்திரமான விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. 2001இல் வெளியான அக்குழுவின் அறிக்கை அவர்மீதான குற்றச்சாட்டுகளை ஆதாரமற்றவையெனக் கண்டது. அதே ஆண்டு மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் மாகாண அமைப்பும் அவ்வாறே தீர்மானித்தது. தொழிற்சங்கத்தின் நிதியும், சக ஊழியரின் பிடிவாதமும், விசாரணையின் பதிவேடுகளுமே அவரைக் காத்தன. இந்த உண்மைக்கான வித்து நாடகத்திலேயே இருந்தது என்பதையும் கூறவேண்டும். கூட்டத்துக்கு இடமளித்துத் தன் வேலையை இழந்த கப்டன் ஹோஸ்ரரும், தந்தைக்குத் துணைநின்ற பெற்றாவும் மேடையில் இருக்கவே செய்கின்றனர். தன் தனிமையை வியக்கும் கதாநாயகனுக்கு அவர்கள் தென்படவில்லை.

நம் நாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமை பற்றிய பிரச்சினையை யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. ஒன்றோடொன்று முரணான அறிக்கைகளிடையே எதனை நம்புவதென்றறியாது மக்கள் தவித்தனர். 2015ஆம் ஆண்டு பொதுநல நோக்கிற் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுவின் பேரில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின்நிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. கிணற்று நீரின் உண்மையை இங்கு நிலைநாட்டியது ஒரு வீரனின் தனிக்குரலன்று. மனுவும் சோதனை அறிக்கைகளும் நீதிமன்றமுமே.

ஆய்வுலகிலும் இத்தகைய பொது ஏற்பாடுகள் சில தோன்றியுள்ளன. முன்கூட்டியே பகிரங்கமாகப் பதிவு செய்யப்படாத மருந்துப் பரிசோதனைகளின் முடிவுகளைப் பிரசுரிப்பதில்லை என்று முன்னணி மருத்துவ சஞ்சிகைகளின் ஆசிரியர் குழு 2004இல் அறிவித்தது. அடுத்த ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2006இல் அத்தகைய பதிவேடொன்றைத் தொடங்கியது. பாதகமான முடிவைக் கிடப்பிற் போடுவதை இது கடினமாக்குகின்றது, முற்றாகத் தடுத்துவிடுவதில்லை.

ஆகவே 'மக்கள் பகைவன்' இன்றும் படிக்கத்தக்க நாடகமே. உண்மையின் செலவைக் கணக்கிடும் ஒரு சமூகத்தை அது போல வேறு நாடகங்கள் காட்டியமை அரிது. மோட்டன் கீலின் பங்குகள் இப்சனின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று. ஆயின் அதன் இறுதி வாக்கியத்தை நாம் ஏற்றல் ஆகாது. பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கு அந்நாடகம் விட்டுச்செல்லும் வினா, ஸ்ரொக்மனைப் போல் வீரனாவது எப்படி என்பதன்று. ஆய்வாளர் ஒருவர் உண்மை கூறுவதற்கு வீரனாகவேண்டிய நிலை ஏன் ஏற்படுகின்றது என்பதே அது. அரச நிதி குறையுமிடத்தில் வாணிப நிதி வாசலில் வந்து நிற்கும். அதனை முற்றாக மறுப்பதும் இயலாது போகலாம். அப்போது கையெழுத்தாகும் ஒவ்வோர் ஒப்பந்தமும் ஆசிரியரும் மாணவரும் படிக்கத்தக்கதாக வெளியில் இருக்கவேண்டும். பாதிக்கப்படுவோருக்குத் தீங்கை அறிவிப்பதைத் தடுக்கும் ஒரு வாசகமும் அதில் இடம்பெறலாகாது. இதனைக் கோருவது விஞ்ஞானபீடத்தினரின் கடமை மட்டுமன்று. அந்த நீரை நாம் எல்லோருமே பருகுகின்றோம்.